ஊசியின் பெயர் என்ன?

மறையூரில் ‘பனி’ என்ற சொல்லுக்கு அர்த்தம் இரண்டு. மார்கழி விடியலில் கரும்புச் சோகையின்மீது வெண்மையாகப் படிந்திருந்து, வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் போய்விடுவது தமிழர் சொல்லும் பனி. உடம்பு கொதிக்க, நா வறள, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் முடங்கச் செய்வது மலையாளத்தார் சொல்லும் பனி. அவ்வூர் மக்கள் இவ்விரண்டையும் இடமறிந்து தடுமாறாமல் வழங்குவார்கள். சமவெளியிலிருந்து விருந்தாளியாகப் போயிருந்த நான் தடுமாறினேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து முற்பகல் ஒன்றில், என் மாமன் மகனை ஜீப்பின் பின்புறத்தில் கிடத்திக்கொண்டு மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் இறங்கியபோது, வெள்ளுடுப்பு நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து “பனியுண்டோ?” என்று கேட்டாள். “பனி ஏதம்மா, நல்ல வெயில்தானே!” என்றேன் நான். அத்தை என்னைக் கையால் விலக்கிவிட்டு முன்னே வந்தாள். “காய்ச்சலக் கேக்குது தம்பி” என்று என்னிடம் சொல்லிவிட்டு, நர்ஸின் பக்கம் திரும்பி, “உண்டு மோளே, நல்ல பனியுண்டு” என்றாள். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய வேளையும் அது அன்று.

அந்த ஜுரம் கொசுவால் வந்ததன்று, தண்ணீரால் வந்ததன்று, மருந்தால் வந்தது. சித்தக் கலக்கத்தைத் தணிப்பதற்காக நல்லெண்ணத்தோடும் நியாயமான முறையிலும் கொடுக்கப்பட்ட ஔஷதமே, பல்லாயிரம் பேருக்கு உபகாரம் செய்துவிட்டு, யாரோ ஒருவருடைய சரீரத்தில் மட்டும் காரணம் முற்றும் விளங்காத வகையில் திசை திரும்பி, உடம்பை விறைக்கச் செய்து, ரத்தத்தைக் கொதிக்கச் செய்து, சில நாட்களுக்குள் உயிரையே கேட்டுவிடும் அந்த விபரீதத்திற்கு வைத்திய சாஸ்திரம் ‘நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம்’ என்று நீண்டதொரு பெயர் சூட்டியிருக்கிறது. டாக்டர்கள் என்.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்தப் பெயரைக் கேள்விப்படாமலே ஆயுளைக் கழித்துவிடக்கூடிய பாக்கியம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. எனக்கு அது வாய்க்கவில்லை.

மறையூரை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மூணாறிலிருந்து தேயிலைச் சரிவுகளின் வழியே வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் இறங்கினால் மழை நின்றுவிடும். மலையின் மறைவில், கேரளத்துக்குள் கிடந்தும் கொங்கு நாட்டுக் காற்றை மூச்சாகக் கொண்ட ஊர் அது. பெருங்கற்காலத்தார் விட்டுப்போன முனியறைகள் பாறைகளின்மீது கிடக்கின்றன. சந்தன மரங்களுக்கு வனத்துறையார் இலக்கமிட்டு, கம்பிவேலி கட்டி, இரவும் பகலும் காவல் வைத்திருக்கிறார்கள். கைக்குள் உருட்டிப் பிடிக்கும் அவ்வூர் வெல்லத்துக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவையெல்லாம் பிரயாணிகளுக்கு. அங்கே குடியிருப்பவர்களுக்கு முக்கியமான பூகோளம் வேறு: தெற்கே போனால் மூணாறு, வடக்கே சின்னாறு காடு கடந்து போனால் உடுமலைப்பேட்டை, இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், ஒன்று ஒரு ராஜ்யம், மற்றொன்று வேறு ராஜ்யம். உடம்புக்கு ஒன்று என்றால், கையில் இருக்கும் காசு, அன்றைக்குக் கிடைக்கும் வண்டி, அங்கே இருக்கும் உறவுக்காரர் ஆகிய மூன்றும் சேர்ந்து எந்தப் பக்கம் இறங்குவது என்று தீர்மானிக்கும். ஆகவே ஒரே நோயாளிக்கு வைத்தியத்தின் முதற்பாதி தமிழிலும் பிற்பாதி மலையாளத்திலும் நடப்பது அங்கே சகஜம். அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டும் கயிறு எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை.

மாமன் மகன் முறைக்கு எனக்கு மச்சான். அப்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது. வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையில், கொப்பரைக்கு அடியில் எரியும் அடுப்புக்கு உலர்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டே இருப்பது அவன் வேலை. பாகு பதம் வரும்வரை அங்கிருந்து நகர முடியாது. வெளியே குளிரானாலும் கொட்டகைக்குள் கோடைதான். மாசி மாதக் கடைசியில் அவனுக்குச் சித்தம் கலங்கியது. தூக்கம் போயிற்று, சோறு போயிற்று. சந்தன மரங்களில் எழுதியிருக்கும் இலக்கங்களெல்லாம் தன்னைக் குறித்து யாரோ எழுதிவைத்த கணக்கு என்றான்; இரவில் எழுந்து போய்க் கம்பிவேலிக்கு வெளியே நின்றுகொண்டு அந்தக் கணக்கை உரக்கக் கூட்டினான். கோடாங்கி வந்து பார்த்தார்; திருநீறு கொடுத்தார்; இது தம் கையில் இல்லை என்று சொல்லவும் சொன்னார். அந்த நேர்மைக்காக இன்றும் அவரை மதிக்கிறேன். ஆறு நாள் உறங்காதவனை, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காதவனை, நாலு பேர் பிடித்து, ஈர வேட்டியால் கையைக் கட்டி, ஜீப்பில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஊசி போட்டார்கள். இரவு ஒன்று, காலை ஒன்று, மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் அவன் அடங்கிவிட்டான் என்று மாத்திரைக் கவர் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கவரின்மேல் காலை, இரவு என்று கட்டம் போட்டு அடையாளம் இட்டிருந்ததேயன்றி மருந்தின் பெயர் எழுதியிருக்கவில்லை.

நான்காம் நாள் விடியற்காலையில் நான் மறையூர் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். “ஊசி வேலை செய்யுது, உறங்கட்டும்” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். எனக்கும் அது சரியாகவே பட்டது. நானும் அதையே சொன்னேன். அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“இவன் உறங்கலே தம்பி. கண்ணு முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கான். கூப்பிட்டாப் பாக்க மாட்டேங்கிறான். கைய மடக்கிப் பாரு.”

மடக்கிப் பார்த்தேன். மனிதக் கை அப்படி இருந்து நான் தொட்டதில்லை. முழுவதும் மரமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பலங்கொண்டு அழுத்தினால் வளைந்தது, வளைந்த இடத்திலேயே நின்றது. வளைவின் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே எதிர்ப்பு. ஈயக் குழாயை வளைப்பதுபோல் இருக்கும் என்று வைத்திய நூல்களில் இந்த விறைப்புக்கு ஓர் உவமை வழங்குவதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தோலில் நெருப்பு, போர்த்தியிருந்த துணியோ வியர்வையில் பிழிந்தெடுக்கும்படி நனைந்திருந்தது. வாயில் ஊற்றிய கஞ்சி கடைவாய் வழியே வடிந்தது. கழுத்தோரத்தில் நாடி கண்ணுக்குத் தெரியும்படி துடித்தது. “ஒண்ணுக்குப் போனது கட்டன் சாயா மாதிரி இருக்கு” என்று அத்தை தாழ்ந்த குரலில் சொன்னாள். நான் பார்த்த அறிகுறிகளைக் காட்டிலும், வெட்கப்பட்டுக்கொண்டே அவள் சொன்ன இந்த ஒன்றுதான் மிகவும் முக்கியமானது என்பது அப்போது எங்களில் எவருக்கும் தெரியாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளப் பயன்படும் ரசாயனங்களுள் டோபமைன் என்பது ஒன்று. இல்லாத குரலைக் கேட்கவும் இல்லாத பகையைக் காணவும் செய்யும் கலக்கத்தில் இதன் ஆட்டம் மிகுந்துவிடுகிறது என்பதால், இது சென்று தட்டும் கதவுகளை அடைப்பதே சித்தக் கலக்கத்துக்கான மருந்துகள் செய்யும் வேலை. ஆனால் அதே டோபமைன் வேறு இரண்டு காரியங்களையும் கவனித்துக்கொள்கிறது: தசைகள் இளகி இயங்குவதற்கும், மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதாலமஸ் என்ற சிறிய பகுதியில் இருந்துகொண்டு உடம்பின் உஷ்ணத்தைச் சீராக வைப்பதற்கும் அது வேண்டும். இந்தக் கதவுகளும் சடக்கென்று அடைபட்டுவிட்டால், தசைகள் ஓயாமல் இறுகி உஷ்ணத்தை உண்டாக்கிக்கொண்டே போகின்றன. அதை வெளியேற்றும் ஒழுங்கோ குலைந்து கிடக்கிறது. இறுகிய தசை நாளாவட்டத்தில் சிதைந்து, தன் செந்நிறச் சத்தை ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. கட்டன் சாயா நிறம் அங்கிருந்து வருவதுதான். சிறுநீரகம் நின்றுபோனால், அல்லது மூச்சுத் தசைகள் களைத்து நுரையீரலில் சீழ் பிடித்தால், அதற்குமேல் வைத்தியர் செய்யக்கூடியது சொற்பம்.

கதவு அடைபட்ட எல்லாருக்கும் இப்படி ஆகாமல் ஒரு சிலருக்கு மட்டும் ஏன் ஆகிறது என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்களிடம் திருப்தியான விடை இல்லை. எந்த நிலைமையில் இது வரக்கூடும் என்பதை மட்டும் ஒருவாறு கண்டிருக்கிறார்கள்: உடம்பில் நீர் வற்றியிருப்பது, பல நாள் உறங்காமல் ஓய்ந்து போயிருப்பது, கட்டிப்போடப்பட்டுத் திமிறிக்கொண்டிருப்பது, வீரியமுள்ள மருந்தை ஊசி மூலமாக அடிக்கடியும் அளவைச் சடுதியில் உயர்த்தியும் கொடுப்பது. மச்சானுடைய அந்த ஒரு வாரத்தை எண்ணிப் பார்த்தால் இவற்றுள் விட்டுப்போனது ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவும் கூடியிருந்தும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு கெடுதலும் இன்றித் தேறிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இக்காலத்துக் கணக்கின்படி இம்மருந்துகளை உட்கொள்ளும் பத்தாயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது நேர்கிறது. பழைய கணக்குகள் இதைவிடப் பன்மடங்கு அதிகம். நேர்ந்தவர்களுள் ஆறில் ஒருவருக்கு முதல் நாளிலேயே தொடங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதல் வாரத்திற்குள். ஏறக்குறைய எல்லாருக்கும் முப்பது நாளைக்குள். ஒரு காலத்தில் ஐந்தில் ஒருவரையோ அதற்கு மேற்பட்டவரையோ கொண்டுபோன இந்த வியாதி இப்போது பத்தில் ஒருவருக்கும் குறைவானவரையே கொண்டுபோகிறது. மருந்துகள் மாறியதும் ஒரு காரணம். வைத்தியர்கள் இதன் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளப் பழகியது அதைவிடப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மருந்துகள் பிறந்த சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1950 டிசம்பரில் பிரான்ஸ் தேசத்து ரோன் பூலென்க் கம்பெனியின் ஆய்வுசாலையில் பால் ஷார்பாந்தியே என்ற ரசாயன அறிஞர் குளோர்புரோமசைன் என்ற பொருளைச் செய்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்ட ஆன்ரி லபொரி என்ற கடற்படை ரண வைத்தியருக்குப் பைத்தியத்தைக் குணப்படுத்தும் உத்தேசமே கிடையாது. சத்திர சிகிச்சைக்கு உட்படுவோரின் உடம்பைக் குளிர்வித்து, குளிர்காலத்தில் பொந்துக்குள் துயிலும் பிராணிகளைப்போல் ஆக்கிவிட்டால் அதிர்ச்சியைத் தாங்குவார்கள் என்பது அவர் சித்தாந்தம். உடம்பின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியை அந்த மருந்து தளர்த்திவிடுவதை அவர் கண்டார். கூடவே மனம் ஒருவித அலட்சிய சாந்தத்தில் ஆழ்வதையும் கண்டார். 1952இல் பாரிஸ் நகரத்து சேந்த் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலே, பியேர் டெனிக்கர் ஆகிய இருவரும் அதைச் சித்தம் கலங்கியவர்களுக்குக் கொடுத்தபோது, லபொரியின் வழியைப் பின்பற்றி முதலில் பனிக்கட்டியும் வைத்தார்கள். பிறகு பனிக்கட்டி இல்லாமலே மருந்து வேலை செய்வதைக் கண்டு அதை விட்டுவிட்டார்கள். உடம்பைக் குளிர்விக்க வந்த மருந்து மனத்தைத் தணிக்கும் மருந்தாயிற்று. நரம்பைப் பற்றி நிறுத்துவது என்ற பொருளில் ‘நியூரோலெப்டிக்’ என்ற பெயரை அவர்களே வைத்தார்கள்.

1958இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சனுடைய ஆய்வுசாலையில் அதைவிட வீரியமுள்ள ஹாலோபெரிடால் பிறந்தது. அதைப் பரீட்சித்துப் பார்த்த டிலேயும் அவருடைய சகாக்களும் 1960இல், விறைப்பும் ஜுரமும் வியர்வையும் மயக்கமும் ஒன்றாய்க் கூடிவரும் ஓர் அபூர்வ நிலையைக் கண்டு எழுதி, அதற்கு ‘சேந்த்ரோம் மாலேன்’ என்று பெயரிட்டார்கள். கேடு நினைப்பது, துஷ்டத்தனமுள்ளது என்பது ‘மாலேன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் உட்பொருள். தாங்கள் வளர்த்த பிள்ளையின் குற்றத்தைத் தாங்களே முதலில் ஊரறியச் சொன்ன அந்த வைத்தியர்களின் பண்பு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. குளிர்விக்க வந்த குடும்பத்திலேயே கொதிக்கச் செய்யும் பிள்ளை ஒன்று பிறந்தது என்பதுதான் வேடிக்கை.

பாரிசைப் பற்றிப் பேசும்போது நம் காட்டைப் பற்றியும் பேசவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் சிவன் அவல்பொரி என்றும் சர்ப்பகந்தி என்றும் ஒரு சிறு செடி வளர்கிறது. சித்தப் பிரமைக்கு அதன் வேரைக் கொடுக்கும் வழக்கம் நம் தேசத்தில் தொன்றுதொட்டு உண்டு. வடக்கே அதைப் ‘பைத்தியத்து மருந்து’ என்றே அழைத்தார்கள். 1931இல் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்ற வங்காள வைத்தியர் இருவர் பைத்தியத்திலும் ரத்தக் கொதிப்பிலும் அந்த வேர் செய்யும் குணத்தை விஞ்ஞான முறையில் எழுதினார்கள். இருபத்தோராண்டு கழித்து, 1952இல், சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியார் அதிலிருந்து ரிசர்பைன் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். கதவை அடைப்பதற்குப் பதிலாக டோபமைன் சேமிப்பையே காலி செய்துவிடுவது இதன் வழி. அப்படிக் காலி செய்யும் மருந்துகளாலும் இதே விபரீதம் அபூர்வமாக நேர்ந்திருக்கிறது. இயற்கையான பச்சிலை கெடுதல் செய்யாது என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் இதைச் சற்று மனத்தில் வைப்பது நலம்.

மச்சானிடம் வருகிறேன். அன்று ஜீப்பில் கொண்டுபோன மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர், தமிழ் அரைகுறை. ஜுரம், தசைவலி, சிறுநீர் கறுப்பு என்றதும் அவருக்கு முதலில் எலிக்காய்ச்சல் நினைவுக்கு வந்தது. கேரளத்தில் எந்த டாக்டருக்கும் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். மூளைக் காய்ச்சலோ என்று கழுத்தை முன்புறம் வளைத்துப் பார்த்தார். வெயில் தாக்கியிருக்குமோ, வாய் திறக்கவில்லையே, ரண ஜன்னியாய் இருக்குமோ என்றெல்லாம் அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அவன் சித்தம் கலங்கியவன் என்று கூட வந்தவர்களில் ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும், அப்படியானால் இந்த விறைப்பும் வெறித்த பார்வையும் பைத்தியத்தின் சேஷ்டைதான் என்று ஒதுக்கிவிடும் வைத்தியர்களும் உண்டு. சித்த நோயாளிக்கு வரும் மற்ற நோய்களையெல்லாம் அந்த ஒரு சொல் விழுங்கிவிடும். இந்த டாக்டர் விழுங்கவிடவில்லை. நிமிர்ந்து கேட்டார்:

“ஊசி எடுத்தோ? என்ன ஊசி? அதின்ட பேரென்ன?”

எவருக்கும் தெரியவில்லை. “சின்னக் குப்பி சார், பழுப்பு நிறம்” என்றார் மாமா. “இடுப்புல போட்டாங்க” என்றார் இன்னொருவர். அத்தை ஒன்றும் பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் சில்லறை இருந்தது. கோடாங்கி கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. எட்டாக மடித்த ஒரு காகிதமும் இருந்தது. ஊசி மருந்தை வெளியே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவரச் சொன்னபோது கிடைத்த பில் அது. கணக்குத் தீர்க்கவேண்டும் என்பதற்காக அவள் அதை எறியவில்லையே தவிர வேறு நோக்கம் ஒன்றுமில்லை. டாக்டர் பிரித்துப் பார்த்தார். ஹாலோபெரிடால் என்று இருந்தது. எத்தனை குப்பி என்றும் இருந்தது. அவர் மறுபடி போய் மச்சானுடைய கையை மடக்கிப் பார்த்தார். மற்றொரு கையையும் மடக்கிப் பார்த்தார். பிறகு டெலிபோன் பக்கம் நடந்தார்.

அதற்குப் பின் நடந்தவற்றை நீட்டத் தேவையில்லை. மலையிறங்கி, பெரிய ஊரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் கிடந்தான். ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்று ஒன்றை அளந்தார்கள். தசை சிதைந்தால் அது ஏறும். ஆரோக்கியமான உடம்பில் இருநூறு அலகுக்குள் நிற்க வேண்டியது இவனுக்கு ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. முதல் வைத்தியம், மருந்தை நிறுத்துவது. பிறகு, நரம்பு வழியே திரவம் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கழுவுவது, ஈரத் துணியாலும் விசிறியாலும் உடம்பைக் குளிர்விப்பது, விறைப்பைத் தளர்த்த லோரஸெபாம் ஊசி, அடைபட்ட கதவை மறுபுறத்திலிருந்து தட்டுவதற்கு புரோமோகிரிப்டின் மாத்திரை. இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு டான்ட்ரோலின் என்ற தசை மருந்தும் உண்டு. கடைசியாக, மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் உண்டு. வாய்வழி மருந்தால் வந்தது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வாரத்தில் தணியும். மாதம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் நீடித்த ஊசியால் வந்ததானால், உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், வாரக்கணக்கில் இழுக்கும்.

எட்டாம் நாள் மச்சான் தண்ணீர் கேட்டான். பதின்மூன்றாம் நாள், கம்பிவேலிக்கு அப்பால் எத்தனை மரம் என்று மறுபடியும் தொடங்கினான்.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் வழி தவறுகின்றன. மருந்தே எமனாக வந்தது என்று கண்டபின், இனி மருந்தே வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லத் தோன்றுகிறது. மாமா அப்படித்தான் சொன்னார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது நாளடைவில் என்னவாகும் என்பதற்கு ஏர்வாடியை நினைவூட்டினால் போதும். 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே மனநோயாளிகள் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் இருபத்தெட்டு பேர் மாண்டார்கள். சங்கிலிக்கு மாற்றாக வந்தவைதாம் இந்த மருந்துகள். 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று, பிற்காலத்தில் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பையும் தோற்றுவித்த டாக்டர் சாரதா மேனன் போன்றவர்கள், நோயாளிகளைப் பூட்டிய அறைகளிலிருந்து வீட்டுக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்ப முடிந்தது என்றால் அதற்கு இம்மருந்துகள் பெருந்துணை. மச்சானுக்குப் போட்ட ஊசியின்மீதும் எனக்குக் கோபம் இல்லை. உன்மத்தத்தில் திமிறும் நோயாளிக்கு ஹாலோபெரிடாலையும் புரோமெதசைனையும் சேர்த்துக் கொடுப்பது விரைவாகத் தணிக்கிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் இருநூறு நோயாளிகளை வைத்துச் செய்த பரீட்சை 2004இல் வெளிவந்து உலகெங்கும் எடுத்தாளப்பட்டிருக்கிறது. என் கோபம் எல்லாம் அந்தப் பெயரில்லாத கவரின்மீதுதான்.

டாக்டர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்து, வேறு வகை மருந்து ஒன்றை மிகச் சொற்ப அளவில் தொடங்கி, நாள்தோறும் ஜுரமும் நாடியும் பார்த்து, மெல்ல உயர்த்தினார்கள். புதிய தலைமுறை மருந்துகளாகிய ஒலான்சபின், ரிஸ்பெரிடோன், குளோசபின் முதலியவையும் இந்த விபரீதத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. சில வேளைகளில் விறைப்பு குறைந்து, ஜுரமும் மயக்கமும் முன்னே வரலாம் என்பதால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடினாலும் எப்போதாவது இது வரும். பார்க்கின்சன் நோய்க்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் தாத்தா, ஊருக்குப் போகிற அவசரத்தில் மாத்திரையை மறந்துவிட்டுப் போய் நாலு நாள் கழித்து விறைத்துப்போய்க் கிடந்தாலும் இதே குடும்பத்து வியாதிதான்.

2011இல் பல தேசத்து நிபுணர்கள் கூடி இதை அடையாளம் காண்பதற்குரிய லட்சணங்களை வகுத்தார்கள். அவற்றில் முதலாவதாக நிற்பது ஜுரமும் அன்று, விறைப்பும் அன்று. முந்தைய எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் இத்தகைய மருந்து உள்ளே போயிருக்கிறதா என்ற கேள்வியே முதலாவது. இந்தக் கேள்விக்குப் பதில் ரத்தத்தில் இல்லை, சிறுநீரில் இல்லை, படமெடுக்கும் யந்திரத்திலும் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 25ஆம் பிரிவில், தம் சிகிச்சைக் குறிப்புகளைப் பெறுவது மனநோயாளியின் உரிமை என்று சொல்கிறது. மறு ஆண்டு மே மாதத்தில் அது அமலுக்கு வந்தது. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் கிராமத்தில் இன்னும் போகவில்லை. இம்மருந்துகளைச் சாப்பிடுகிறவருக்கு ஜுரமும் விறைப்பும் சேர்ந்து வந்துவிட்டால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல், கையில் அந்தக் காகிதத்தோடு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் உறங்கட்டும் என்று சொன்னாலும், சமவெளியிலிருந்து வந்த மருமகன் ஆமாம் போட்டாலும்.

மச்சான் இப்போது அடுப்பின் பக்கம் போவதில்லை. டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். ஆறிய பாகை மரத்தொட்டியிலிருந்து அள்ளி உருண்டை பிடிக்கிற வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சூடு கையில் பொறுக்கும் பதத்தில் பிடிக்கவேண்டும், விட்டால் இறுகிப்போகும். நாலு விரலும் மடங்கி விரியும் அழகைப் பார்த்துக்கொண்டு அத்தை சில சமயம் வேலையை மறந்து நின்றுவிடுவாள்.

போன வருஷம் அவனுடன் பஸ்ஸில் வடக்கே இறங்கினேன். சின்னாறு செக்போஸ்டில் வனக்காவலர் ஏறி, சந்தனக் கட்டை கடத்துகிறார்களா என்று ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டு வந்தார். மச்சானின் சட்டைப்பையில் ஏதோ தடிப்பாக இருந்தது. எடுக்கச் சொன்னார். பழைய பவுடர் டப்பா ஒன்று. காவலர் மூடியைத் திறந்து, முதல் காரியமாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் எட்டாக மடித்த காகிதம் இருந்தது. ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் மலையாளத்தில், இரண்டு கையெழுத்திலும் ஒரே விஷயம்: இன்ன மருந்து ஆகாது, இன்ன மருந்து சாப்பிடுகிறேன். அவர் இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து, மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தார்.